அடிக்கடி 'டவுன்' ஆகும் கார் பேட்டரி... புதுசு வாங்கும் முன் இதை பாருங்க!

ஆழ்வார்திருநகரி:-

ராத்திரி நல்லபடியாக ஓட்டி வந்து நிறுத்திய கார், காலையில் சாவியை திருப்பினால் 'டக்... டக்' என்று சத்தம் மட்டும் கொடுத்துவிட்டு நிற்கிறது. அக்கம்பக்கத்தில் நாலு பேரை கூப்பிட்டு தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. 2 நாள் கழித்து மறுபடியும் அதே கதை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்பதுதான்.

சில ஆயிரம் ரூபாய் கொடுத்து புது பேட்டரி மாட்டிய பிறகும், அடுத்த வாரமே அதுவும் இறங்கிவிட்டால் என்ன செய்வது? பணமும் போய், வண்டியும் கிளம்பாமல் நிற்கும்.

ஆழ்வார்திருநகரியில் இருந்து நெல்லை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரம் போக வேண்டும். நடுராத்திரியில் பிரசவ வலி, நெஞ்சு வலி என்று அவசரம் வரும்போது, வீட்டு வாசலில் நிற்கும் கார் கைவிட்டுவிட்டால் என்ன ஆகும்? வாடகைக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கோ அன்றைய பிழைப்பே போய்விடும்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் அது பேட்டரியின் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. காரணம் எது என்று வரிசையாக சோதித்து பார்த்துவிட்டு பணத்தை எடுப்பதே புத்திசாலித்தனம். அந்த வரிசை வருமாறு:-

குளமும் பேட்டரியும்

இந்த பகுதி மக்களுக்கு குளத்தை வைத்து சொன்னால் எளிதாக புரியும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் பாசனத்தில் உள்ள கடம்பாகுளம் வற்றிப்போனால், அதற்கு 3 காரணங்கள் இருக்கலாம். குளம் தூர்ந்து போய் தண்ணீர் பிடிக்காமல் இருக்கலாம். கால்வாயில் தண்ணீர் வராமல் இருக்கலாம். மதகு சரியாக அடைபடாமல் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கலாம்.

காரிலும் இதே கதைதான். பேட்டரி என்பது குளம். என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து அனுப்பும் ஆல்டர்னேட்டர் என்பது கால்வாய். ஒர்க்‌ஷாப்பில் இன்றும் இதை டைனமோ என்றே சொல்கிறார்கள். வண்டி நிற்கும்போது திருட்டுத்தனமாக கரண்ட் குடிக்கும் லைட், மியூசிக் சிஸ்டம் போன்றவை கசியும் மதகு. எது கோளாறு என்று பார்க்காமல் குளத்தை மட்டும் மாற்றினால் பலன் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

கார் பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. இந்த வகை பேட்டரியை பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே 1859-ம் ஆண்டு கண்டுபிடித்தார். 160 ஆண்டுகளை தாண்டியும் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு அறையும் சுமார் 2.1 வோல்ட் தரும். 6 அறைகள் சேர்ந்து 12.6 வோல்ட்.

பேட்டரி இறங்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது கரைந்துவிடும். ஆனால் இறங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் கிடந்தால், அந்த படிவு கெட்டியாகி பிறகு கரையாது. குளத்தில் வண்டல் படிவது போலத்தான். ஒவ்வொரு முறை முழுசாக இறங்கும்போதும் பேட்டரியின் ஆயுள் குறைகிறது. ஆகவே கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் தள்ளி தள்ளியே ஓட்டினால், நல்ல பேட்டரியும் சில மாதங்களில் நிஜமாகவே கெட்டுப்போகும்.

நம்ம ஊர் வெயிலும் இதற்கு எதிரி. சூடு கூடினால் உள்ளே ரசாயன மாற்றங்கள் வேகமாக நடக்கும், தண்ணீர் ஆவியாகும், தகடுகள் அரிக்கும். குளிர் நாடுகளில் ரொம்ப காலம் உழைக்கும் பேட்டரி இங்கே 3 அல்லது 4 ஆண்டிலேயே தளர்ந்துவிடுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

சத்தமே பாதி கதையை சொல்லும்

மீட்டர் எதுவும் எடுப்பதற்கு முன்பு, சாவியை திருப்பும்போது என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

'டக்டக்டக்' என்று வேகமாக சத்தம் வந்து, டேஷ்போர்டு லைட்டும் மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூசாக இருக்கிறது.

ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஆனால் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது என்றால் சந்தேகம் செல்ப் மோட்டார் மேல் போக வேண்டும்.

செல்ப் நன்றாக சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி நிரபராதி. கோளாறு பெட்ரோல், டீசல் வரும் வழியிலோ வேறு எங்கேயோ இருக்கிறது.

லைட்டே எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் டெர்மினல் கழன்று இருக்கலாம், மெயின் பியூஸ் போயிருக்கலாம். அல்லது பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும்.

முதலில் டெர்மினலை பாருங்க

பானட்டை திறந்ததும் பேட்டரியின் 2 முனைகளிலும் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் உப்பு போல பூத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த பொடி கரண்டை தடுக்கும். பேட்டரி நன்றாக இருந்தாலும் செல்ப் எடுக்காது. டைனமோ அனுப்பும் சார்ஜும் முழுசாக உள்ளே போகாது.

டெர்மினலை கழற்றும்போது மைனஸ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது மைனஸை கடைசியாக மாட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால், ஸ்பானர் பாடியில் பட்டு தீப்பொறி பறக்கும். சமையல் சோடா கலந்த வெந்நீரை கொஞ்சமாக ஊற்றி பழைய பிரஷ்சால் தேய்த்தால் பொடி கரைந்துவிடும். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போய்விடக்கூடாது. நன்றாக துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

மைனஸ் ஒயர் பாடியிலும் என்ஜினிலும் போய் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். எர்த் ஒயர் துருப்பிடித்து இருந்தாலும் பேட்டரி மேல்தான் பழி விழும்.

மீட்டர் காட்டும் நிஜம்

டிஜிட்டல் மல்டிமீட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வண்டி ராத்திரி முழுக்க ஓய்வாக நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு பேட்டரியின் 2 முனைகளிலும் வைத்து பார்க்க வேண்டும்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். அதற்கும் கீழே போனால் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது வேறு ஒருவரை சாவியை திருப்ப சொல்லி மீட்டரை பார்க்க வேண்டும். செல்ப் சுற்றும்போது வோல்ட் இறங்குவது சகஜம். ஆனால் முழு சார்ஜில் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்கு கீழே விழக்கூடாது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ப் அடித்ததும் 8, 7 என்று சரிந்தால் அந்த பேட்டரி நிஜமாகவே தளர்ந்துவிட்டது. பேட்டரி கடைகளில் உள்ள லோடு டெஸ்டரும் இதைத்தான் சோதிக்கிறது. பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றிய பிறகே லோடு டெஸ்ட் செய்ய வேண்டும். இறங்கிய பேட்டரியை சோதித்துவிட்டு 'போச்சு' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு அறையாக பார்க்கலாம். 5 அறைகள் ஒரே மாதிரி காட்டி, ஒன்று மட்டும் ரொம்ப குறைந்தால் அந்த அறை செத்துவிட்டது. பேட்டரியை மாற்றுவதை தவிர வழி இல்லை.

தண்ணீர் குறைந்து இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தாமிரபரணி தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது. அதில் உள்ள உப்புகள் தகடுகளை கெடுத்துவிடும். ஆசிட் ஊற்றுவதும் தப்பு.

டைனமோ வேலை செய்கிறதா?

என்ஜினை ஸ்டார்ட் செய்து, மறுபடியும் பேட்டரியில் மீட்டரை வைக்க வேண்டும். 13.8-ல் இருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ஹெட்லைட், ஏ.சி. எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். 12.5-லேயே நின்று, பிறகு குறைந்துகொண்டே போனால் டைனமோவோ, அதன் பெல்ட்டோ, ஒயரோ கோளாறு. 15 வோல்ட்டை தாண்டினாலும் ஆபத்து. ஓவர் சார்ஜ் ஆகி தண்ணீர் வற்றி பேட்டரி உப்பிவிடும்.

சில புது மாடல் கார்களில் எரிபொருள் மிச்சம் பிடிக்க கம்ப்யூட்டரே சார்ஜை கூட்டி குறைக்கும். அப்படிப்பட்ட வண்டிகளில் சிறிது நேரம் 13 வோல்ட்டுக்கு கீழே காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். ஹெட்லைட்டை போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

இதில் ஒரு முக்கிய எச்சரிக்கை. என்ஜின் ஓடிக்கொண்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினலை கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம். 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய மாடல்களில் அது நடந்தது. இன்றைய கார்களில் அப்படி செய்தால், வோல்ட் திடீரென்று எகிறி கம்ப்யூட்டர் பெட்டியையே எரித்துவிடலாம். அதை மாற்றும் செலவில் பல பேட்டரிகள் வாங்கிவிடலாம். மெக்கானிக் அப்படி செய்ய கை வைத்தால் தடுத்துவிடுங்கள்.

ராத்திரியில் கரண்ட் குடிப்பது யார்?

பேட்டரியும் நன்றாக இருக்கிறது, டைனமோவும் சார்ஜ் கொடுக்கிறது, ஆனாலும் இறங்குகிறது என்றால் மிச்சம் இருப்பது கசிவுதான்.

கார் பூட்டி நிற்கும்போதும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டரின் ஞாபகத்துக்காக கொஞ்சம் கரண்ட் போகும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஏ.எச். பேட்டரி இருக்கும். 30 மில்லி ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 0.7 ஏ.எச். செலவாகும். பாதி பேட்டரி தீர 3 வாரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் டிக்கியில் உள்ள 5 வாட்ஸ் குட்டி பல்பு அணையாமல் எரிந்தால், 400 மில்லி ஆம்பியருக்கு மேல் போகும். ஒரு நாளைக்கு 10 ஏ.எச். காலி. 2 நாளில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. விரல் அளவு பல்பு செய்யும் வேலை இது!

கசிவை கண்டுபிடிக்க, சாவியை எடுத்து, எல்லாவற்றையும் அணைத்து, பானட்டை மட்டும் திறந்து வைக்க வேண்டும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கழற்றிய மைனஸ் ஒயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே மாட்ட வேண்டும். முதலில் பெரிய எண்ணாக காட்டும். அவசரப்படக்கூடாது. கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அரை மணி நேரம் வரை ஆகும். சில வண்டிகளில் இன்னும் கூட ஆகலாம். அதன் பிறகு வரும் எண்ணே நிஜம்.

மீட்டர் மாட்டி இருக்கும்போது கதவை திறப்பதோ, சாவியை திருப்புவதோ கூடாது. மீட்டரின் உள் பியூஸ் போய்விடும்.

அரை மணி நேரம் கழித்தும் 100, 200, 500 என்று காட்டினால், பியூஸ் பெட்டியில் ஒவ்வொரு பியூஸாக கழற்றி மாட்ட வேண்டும். எந்த பியூஸை கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான். எந்த பியூஸை கழற்றியும் இறங்கவில்லை என்றால் டைனமோ ஒயரை சந்தேகிக்க வேண்டும். டைனமோ உள்ளே இருக்கும் டயோடு கெட்டுப்போனால், அதுவே ராத்திரியில் பேட்டரியை உறிஞ்சும். பகலில் சார்ஜ் கொடுக்கும், ராத்திரியில் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

டெர்மினலை தொட்டு எடுத்து தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பதும் இன்னொரு பழைய பழக்கம். இன்றைய கார்களில் கசிவே இல்லாவிட்டாலும் முதல் தொடுதலில் பொறி வரும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதோடு ஆபத்தும் கூட.

அடிக்கடி மாட்டும் குற்றவாளிகள்

கம்பெனியில் இருந்து வந்த ஒயரிங்கைவிட, பின்னால் மாட்டியவையே அதிகம் தொல்லை கொடுக்கும். வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிபயர், ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, டேஷ் கேமரா, கலர் எல்.இ.டி. லைட் ஆகியவற்றை சாவி லைனில் கொடுக்காமல் நேராக பேட்டரி லைனில் கொடுத்து இருந்தால், வண்டி நின்றாலும் அவை தூங்காது. ஒட்டிக்கொண்ட ரிலே, கதவு சுவிட்ச், டிக்கி லைட் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

வண்டி மேல் தப்பில்லை, பழக்கம்தான்

எந்த கோளாறும் இல்லாமலேயே பேட்டரி இறங்குவதும் உண்டு. நவதிருப்பதி சுற்றி காட்ட வரும் வாடகை கார்களை எடுத்துக்கொள்ளலாம். புரட்டாசி சனிக்கிழமையிலும், வைகாசி கருட சேவை சமயத்திலும் ஆழ்வார்திருநகரியில் வண்டிகள் வரிசையாக நிற்கும். பக்தர்கள் உள்ளே போனதும், டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு பேனையும் பாட்டையும் போட்டு உட்கார்ந்து இருப்பார்.

பேனும் பாட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுத்தால், ஒரு மணி நேரத்தில் 10 ஏ.எச். போய்விடும். அடுத்த கோவில் சில கி.மீ. தூரத்தில்தான். அந்த சில நிமிட ஓட்டத்தில் போன சார்ஜ் திரும்ப ஏறாது. 3 கோவில் முடிந்து, 4-வது கோவிலில் செல்ப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியை திட்டி என்ன பயன்?

ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 150 ஆம்பியர் போனாலும், அது 2 விநாடிதான். செலவு 0.1 ஏ.எச். கூட இல்லை. சில நிமிட ஓட்டத்தில் அது ஏறிவிடும். நிற்கும் வண்டியில் பேன் ஓடுவதே பெரிய செலவு.

சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்ப்பவர்கள் ஊர் வீட்டில் நிறுத்திவிட்டு போகும் கார்களுக்கு வேறு பிரச்சினை. மாதக்கணக்கில் நின்றால் சாதாரண செலவிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பெரிய பலன் கிடையாது. அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் மைனஸ் டெர்மினலை கழற்றி வைத்துவிட்டு போகலாம்.

வெள்ளத்தில் நனைந்த வண்டியா?

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் பெய்த பேய் மழையை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. வண்டிகள் தண்ணீரில் மூழ்கின.

தண்ணீரில் கிடந்த காரை காயவைத்து ஓட்டினாலும், ஒயர் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரமும் சேறும் சும்மா இருக்காது. செம்பு பச்சை பிடித்து, மாதங்கள் கழித்துக்கூட கசிவு தொடங்கும். பேட்டரி மாற்றி மாற்றி பார்த்தும் இறங்குகிறது என்றால், தரை கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஒயர் இணைப்புகளையும் பியூஸ் பெட்டியையும் பிரித்து பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்குபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்து பாருங்கள். சேற்று கறை இருந்தால் அந்த வண்டி தண்ணீரில் கிடந்தது என்று சந்தேகப்படலாம்.

உயிருக்கு உலை வைக்கும் விளையாட்டு வேண்டாம்

சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டாலும் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. இருட்டில் தீக்குச்சி கிழித்து பார்க்கவும் கூடாது. கண்ணில் ஆசிட் பட்டால் உடனே 15 நிமிடத்துக்கு குறையாமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வேறு வண்டியில் இருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது வரிசை முக்கியம். சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்சில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்சில் மாட்ட வேண்டும். கருப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸ்சில் மாட்டி, மறுமுனையை கோளாறான வண்டியின் என்ஜின் இரும்பில், பேட்டரியில் இருந்து தள்ளி கொடுக்க வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி வரும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆட்டோமேட்டிக் கியர் கார்களை தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

ஸ்டார்ட் ஆனதும் கால் மணி நேரம் ஓட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். முழுசாக இறங்கிய பேட்டரியை சார்ஜரில் போட்டு மெதுவாக ஏற்றுவதே நல்லது. 35 ஏ.எச். பேட்டரியை மூன்றரை ஆம்பியரில் ஏற்றினால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்...

எல்லா சோதனையும் முடிந்து பேட்டரிதான் குற்றவாளி என்று தெரிந்தால், முதலில் வாரண்டி கார்டை தேடுங்கள். காலம் மிச்சம் இருந்தால் இலவசமாகவோ, விலையில் தள்ளுபடியாகவோ மாற்றி வாங்கலாம்.

புதுசு வாங்கும்போது தயாரித்த மாதத்தை பார்க்க வேண்டும். கடையில் ரொம்ப நாள் கிடந்த பேட்டரி, வாங்கும்போதே பாதி கிழடு. கம்பெனி சொன்ன அளவும் வகையும் மாறக்கூடாது. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் வசதி உள்ள கார்களுக்கு தனி வகை பேட்டரி உண்டு. சாதா பேட்டரி போட்டால் தாங்காது.

பழைய பேட்டரியை பழைய இரும்பு வியாபாரிக்கு போட்டுவிடாமல், பேட்டரி கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். கண்ட இடத்தில் உடைத்து ஊற்றினால் மண்ணும் கிணறும் கெடும். பழைய பேட்டரிகளை திரும்ப சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தி உள்ளன.

புது பேட்டரி மாட்டிய மறுநாள் காலையிலும் ஒருமுறை மீட்டரை வைத்து பாருங்கள். 12.6 வோல்ட் நின்றால் கவலை இல்லை. இறங்கி இருந்தால் கசிவு இன்னும் பாக்கி இருக்கிறது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டி அதை அடைத்துவிட்டுத்தான் வண்டியை வெளியூருக்கு எடுக்க வேண்டும்.